ரிக்கின் படம் பெரிய திரையில், இரைச்சல் இல்லாமல்

யாயெசு எஃப்டிடிஎக்ஸ்10 ரிக்கின் திரை 5 அங்குலம். ஐகாம் ஐசி-7610இன் திரை 7 அங்குலம். இந்திய ஹாம்களுக்கு 40 மீட்டரில் இருக்கும் இடம் 7.000 முதல் 7.200 மெகாஹெர்ட்ஸ் வரை. அந்த 200 கிலோஹெர்ட்ஸையும் 5 அங்குலத்துக்குள் பரப்பினால் மெலிந்த சிக்னல் ஒன்று தலைமுடி அளவுக் கோடாகத்தான் விழும்; நாற்பதைத் தாண்டிய கண்ணுக்கு அதுவும் பிடிபடாது. மேசையில் ஒரு 22 அங்குல மானிட்டர் இருந்தால் யார் எங்கே பேசுகிறார்கள், எந்த இடம் காலி என்பது நாற்காலியில் சாய்ந்தபடியே தெரியும்.

மானிட்டரை இணைப்பது சின்ன வேலை. இணைத்த மானிட்டரே இரைச்சலைக் கொண்டுவந்து சிக்னலை மூழ்கடிக்காமல் பார்த்துக்கொள்வதுதான் பெரிய வேலை. சோமனூர், பல்லடம் பக்கம் விசைத்தறிகளுக்கு நடுவிலோ, கணபதியில் லேத் பட்டறைகளுக்கு நடுவிலோ ஆன்டெனா கட்டியிருப்பவருக்கு ஏற்கெனவே இரைச்சல் அதிகம். அதன்மேல் இன்னொன்றை நாமே சேர்க்கக் கூடாது.

அதனால் கேபிள் வாங்கும் முன்பே ஒரு வேலை இருக்கிறது. மின்வாரியம் மாதாந்திரப் பராமரிப்புக்காகக் கரண்டை நிறுத்தும் நாள், ஊர்ப் பெயர்களோடு நாளிதழில் வரும். உங்கள் பகுதி பெயர் வரும் நாளில் ரிக்கை 12 வோல்ட் பேட்டரியில் ஓட்டுங்கள். 7.1 மெகாஹெர்ட்ஸ் அருகே காலியான ஓரிடத்தில் எஸ்-மீட்டர் எவ்வளவு காட்டுகிறது என்று எழுதி, வாட்டர்ஃபாலைக் கைபேசியில் படம் எடுத்து வையுங்கள். நண்பகலில் இந்த அலைவரிசையில் தொலைதூர இரைச்சலை அயனி மண்டலத்தின் டி அடுக்கு உறிஞ்சிவிடும். ஆகவே மீட்டரில் தெரிவது பெரும்பாலும் உள்ளூர்ச் சத்தம். அதுவும் கரண்ட் இல்லாத நேரத்தில் அடங்கியிருக்கும். பக்கத்து வீட்டு இன்வெர்ட்டர் ஓடினால் மட்டும் அதன் இரைச்சல் கலக்கும். இந்த அளவுதான் உங்கள் ஊரின் உண்மையான அடித்தளம். கரண்ட் வந்தபின் அதே இடத்தில் மறுபடியும் அளந்து குறியுங்கள். இனிச் செய்யும் ஒவ்வொரு மாற்றத்தையும் இந்த இரண்டு எண்களோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

அடுத்து, உங்கள் ரிக் எந்த வகை என்று பாருங்கள். ஐசி-7610, எஃப்டிடிஎக்ஸ்101, எஃப்டிடிஎக்ஸ்10, எஃப்டி-710 ஆகியவற்றின் பின்புறம் டிவிஐ-டி சாக்கெட் உண்டு. பலரிடம் இருக்கும் ஐசி-7300இல் அது கிடையாது; அதற்கு யுஎஸ்பி வழியாகக் கணினி வேண்டும். ஹைதராபாத்தின் அஷ்ஹர் ஃபர்ஹான் வடிவமைத்த எஸ்பிட்எக்ஸ் ரிக்குக்குள் ராஸ்ப்பெர்ரி பை கணினியே இருப்பதால், விஎன்சி மென்பொருள் வழியாக அதன் திரையை வீட்டிலுள்ள வேறு கணினியில் பார்த்துக்கொள்ளலாம்.

டிவிஐ உள்ள ரிக்குக்குக் கேபிள் வாங்கும்போது ஒரு முனை டிவிஐ-டி, மறுமுனை எச்டிஎம்ஐ உள்ளதாகக் கேளுங்கள். இரண்டிலும் ஓடுவது ஒரே வகை டிஜிட்டல் சிக்னல் என்பதால் நடுவே கன்வெர்ட்டர் தேவையில்லை. ஒலி மட்டும் வராது. அது ரிக்கின் ஸ்பீக்கரிலேயே இருக்கட்டும். நீளம் ஒன்றரை மீட்டருக்குள் போதும். மில் அலுவலகங்களிலிருந்து வெளியேறிய பழைய விஜிஏ மானிட்டர்கள் மலிவாகக் கிடைக்கும். ஆனால் டிவிஐ-டியில் அனலாக் சிக்னல் இல்லாததால் சாதாரண அடாப்டரைச் செருகினால் படம் வராது. தனி மின்சாரத்தில் ஓடும் கன்வெர்ட்டர் வேண்டும், அதுவே இன்னொரு இரைச்சல் பெட்டி. நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். 4கே மானிட்டரும் வீண் செலவு. ரிக் வெளியே அனுப்புவது 800க்கு 480 அல்லது 800க்கு 600 புள்ளிகள்தான். திரை பெரிதானால் எழுத்து பெரிதாகும், விவரம் கூடாது.

செருகும் முன் எர்த்தைக் கவனியுங்கள். இரண்டு பின் அடாப்டரில் ஓடும் மானிட்டரின் உலோகப் பகுதியில், எர்த் இல்லாததால், மின்வழங்கலின் பாதி அளவுக்கு வோல்ட்டேஜ் மிதக்கும். தொட்டால் சுருக்கென்று இருக்கும் அந்தக் கசிவு, ரிக்கின் டிவிஐ சாக்கெட்டைக் கெடுக்கப் போதும். எனவே ரிக்கின் பவர் சப்ளை, மானிட்டர் இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மாட்டி, எல்லாவற்றையும் அணைத்து, அடாப்டரின் பிளக்கையும் உருவிவிட்டு, கேபிளைச் செருகிய பிறகே ஒவ்வொன்றாகப் போடுங்கள். தோட்டத்து வீடுகளில் சித்திரை வெயிலுக்கு எர்த் குழி காய்ந்து போகும். அதில் தண்ணீர் ஊற்றுவதும் இந்த வேலையில் சேர்ந்ததே.

ஐசி-7610இல் மெனு, செட், டிஸ்ப்ளே என்று போய் எக்ஸ்டர்னல் டிஸ்ப்ளேயை ஆன் செய்யுங்கள். எஃப்டிடிஎக்ஸ்10இல் ஃபங்க்ஷன் குமிழை அழுத்தி டிஸ்ப்ளே செட்டிங், அதற்குள் எக்ஸ்டர்னல் மானிட்டர். இரண்டிலும் 800க்கு 600ஐத் தேர்ந்தெடுங்கள். 800க்கு 480ஐப் பல மானிட்டர்கள் ஏற்பதில்லை. படம் வராவிட்டால் மானிட்டரில் சரியான எச்டிஎம்ஐ உள்ளீடு தேர்வாகியிருக்கிறதா என்று பார்த்து, ரிக்கை ஒருமுறை அணைத்துப் போடுங்கள். படம் அகலவாக்கில் இழுபட்டிருந்தால் மானிட்டரின் மெனுவில் 4:3 என்று மாற்றலாம்.

ஐசி-7300 வைத்திருப்பவர்கள் யுஎஸ்பி டிரைவரை நிறுவிய பிறகே கேபிளைச் செருக வேண்டும். ரிக்கின் செட், கனெக்டர்ஸ், சிஐ-வி பகுதியில் யுஎஸ்பி போர்ட்டை 'அன்லிங்க்' என்றும் வேகத்தை 115200 என்றும் வைக்காவிட்டால் ஸ்கோப் தகவல் வெளியே வராது. பலர் மாட்டிக்கொள்வது இங்கேதான். கணினியில் டபிள்யூஎஃப்வியூ என்ற இலவச மென்பொருள் போதும். விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஓடும்.

படம் வந்துவிட்டது. இப்போது எஸ்-மீட்டரைப் பாருங்கள். முதலில் மானிட்டரின் மின்சாரம் மட்டும், பிறகு கேபிளும் சேர்த்து, ஒவ்வொரு கட்டத்திலும் குறியுங்கள். ஒரு எஸ் என்பது 6 டெசிபல். இரைச்சல் இரண்டு எஸ் ஏறினால், 100 வாட்டில் பேசுகிறவர் உங்களுக்கு 6 வாட்டில் பேசுகிறவராகிவிடுவார். மின்சாரம் கொடுத்ததுமே ஏறினால் குற்றவாளி அடாப்டர். கேபிளுக்குப் பிறகு ஏறினால் கேபிள். 31ஆம் எண் ஃபெரைட் வளையத்தில் கேபிளை ஐந்தாறு சுற்று சுற்றுங்கள். சுற்று இரட்டித்தால் தடுப்பாற்றல் ஏறக்குறைய நான்கு மடங்காகும். சும்மா ஒரு கிளிப்பை மாட்டிவிட்டுப் பலனில்லை என்று சொல்லக் கூடாது. அடாப்டர் அடங்க மறுத்தால் அதைத் தூக்கிவிட்டு, டிரான்ஸ்ஃபார்மர் வைத்த பழைய பாணி பவர் சப்ளையில் மானிட்டரை ஓட்டலாம். ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்குச் செய்ய முடியும் என்று 1941இல் கண்டுபிடிப்பாளர் ஜி. டி. நாயுடு அறிவித்த கோவை இது. டிரான்ஸ்ஃபார்மர் சுற்றித் தரும் வைண்டிங் கடைக்கு இங்கே பஞ்சமில்லை.

2 மீட்டர் பிரியர்களுக்கு ஒரு குறிப்பு: 1920க்கு 1080 படத்தின் புள்ளிக் கடிகாரம் 148.5 மெகாஹெர்ட்ஸ், நமது 144–146க்குப் பக்கத்திலேயே. கணினியிலிருந்து மானிட்டருக்குப் போகும் எச்டிஎம்ஐ கேபிள் மட்டமானதாக இருந்தால் ரிப்பீட்டர் சிக்னல் தேய்ந்து கேட்கும்.

அனுப்பும்போது நடப்பது வேறு கதை. முதலில் டம்மி லோடில் 10 வாட், பிறகு படிப்படியாக, உங்கள் உரிமம் அனுமதிக்கும் அளவு வரை. டம்மி லோடிலேயே திரை சிமிட்டினால் கேபிளிலோ எர்த்திலோ கோளாறு. ஆன்டெனாவில் மட்டும் சிமிட்டினால், கோஆக்ஸின் வெளிப்புறம் வழியாக ஆர்எஃப் அறைக்குள் வருகிறது. ஆன்டெனா முனையில் சோக் பாலன் கட்டுங்கள். மானிட்டரை மாற்றிப் பயனில்லை.

பெரிய திரையின் உண்மையான பலன் இதற்குப் பிறகுதான். ஸ்கோப்பை ஃபிக்ஸ் முறையில் 7.000–7.200க்கு நிறுத்திவிட்டு ஒரு நாள் முழுக்கக் கவனியுங்கள். இரைச்சலின் முகங்கள் தெரிய ஆரம்பிக்கும். சீரான இடைவெளியில் மேடு மேடாக நின்று, சூடேற ஏற மெல்ல நகர்வது ஏதோ ஓர் அடாப்டர். வெயில் ஏறும்போது தோன்றி இருட்டியதும் மறைவது கூரை சோலார் இன்வெர்ட்டர். தொண்டாமுத்தூர், ஆனைகட்டி போன்ற மலையடிவாரங்களில் நொடிக்கு ஒரு முறை குறுக்குக் கோடு விழுந்தால் அது யானைக்குப் போட்ட சோலார் வேலி. கம்பியில் செடி உரசும் இடத்தைத் தேடிப் போங்கள். அலைவரிசை முழுக்க ஒரே சீராக உறுமுவது மின்கம்பத்தில் தளர்ந்த இணைப்பாக இருக்கலாம், அதை மின்வாரியத்திடம் எழுதிக் கொடுக்க வேண்டும். மோட்டார் ஓடும் நேரத்தில் மட்டும் எழுந்தால் பக்கத்துத் தோட்டத்துக்காரரிடம், "ஏனுங்ணா, ஒரு நிமிஷம் மோட்டாரை நிறுத்திப் பாக்கலாங்களா?" என்று கேளுங்கள். அவரைக் கூட்டிவந்து திரையைக் காட்டினால் அவருக்கே புரியும். சிறிய ரிக் திரையில் இதைக் காட்ட முடியாது.

சித்திரைக் கோடை மழையிலும் ஐப்பசி மழையிலும் இடி வரும் முன் ஆன்டெனாவைக் கழற்றும் பழக்கம் எல்லோருக்கும் உண்டு. மானிட்டர் சேர்ந்த பிறகு அதன் மின் பிளக்கையும், ரிக் பக்கத்து டிவிஐ அல்லது யுஎஸ்பி கேபிளையும் சேர்த்தே கழற்றுங்கள். ஆன்டெனா இல்லாவிட்டாலும் மின்கம்பி வழியாக வரும் பாய்ச்சல் மானிட்டரைத் தாண்டி அந்தக் கேபிளில் ரிக்குக்குள் ஏறிவிடும்.