‘மர்தானா 1’: ஆதி கிரந்தத் தலைப்பொன்றும் ஆசிரியர் உரிமைச் சிக்கலும்

குரு நானக்கின் நெடுங்காலத் தோழராகப் போற்றப்படும் பாய் மர்தானா, தல்வண்டியைச் சார்ந்த இசுலாமியர். பாணரை ஒத்த மிராசி குலத்தவர். நானக் பாட, அவர் ரபாப் என்னும் நரம்புக்கருவியை மீட்டினார். பாய் குர்தாசின் முதல் வார், பாக்தாத் பயணத்தில் அவரை ரபாபியாகவே காட்டுகிறது. ஜனம்சாகிக் கதைகளோ, வழிநடையில் பசி தாளாது உணவு கேட்கும் எளிய மனிதராக அவரைச் சித்திரிக்கின்றன. இவ்விரு சித்திரங்களிலும் அவர் இசைப்பவரும் கேட்பவருமேயன்றிப் பாடல் இயற்றுபவர் அல்லர். குரு அர்ஜன் 1604இல் தொகுத்து நிறைவுசெய்த ஆதி கிரந்தத்தின் தலைப்பொன்றே அவரும் பாவலரோ என்னும் ஐயத்தை எழுப்புகிறது.

பிகாக்ரா ராகத்தில் அமைந்த குரு ராம்தாசின் வாரினுள், இன்றைய அச்சுப் பதிப்புகளின் 553ஆம் பக்கத்தில், ‘சலோகு மர்தானா 1’ என்னும் தலைப்பு காணப்படுகிறது. அதன்கீழ்த் தொடரும் மூன்று சலோகங்களும் கள் வடித்தலை உருவகமாகக் கொண்டவை. கலியுகம் ஊறற்பானை, காமம் மது, மனம் குடிப்பவன், சினம் கிண்ணம், ஆணவம் வார்த்துக் கொடுப்பவன். மூன்றாம் சலோகத்தில் கிண்ணம் அமுதத்தை ஏந்துகிறது.

குருமார் பாடல்கள் ‘மகலா’ என்னும் சொல்லாலும் எண்ணாலும் குறிக்கப்பெறும். நானக்கிற்குரிய எண் 1. இத்தலைப்பில் மகலா இல்லை, எண் மட்டும் உண்டு. இதனை வரிசை எண் எனக் கொள்வதற்கில்லை. இரண்டாம் சலோகத்தின் முன்னும் ‘மர்தானா 1’ என்றே வருகிறது. ஆகவே மர்தானாவை நோக்கி நானக் கூறியவை என்பது ஒரு கொள்கை. மர்தானாவே இயற்றியவை என்பது மற்றொன்று.

முதலிரு சலோகங்களில் நானக் முத்திரை உள்ளது. பின்வந்த குருமாரும் அம்முத்திரையையே கையாண்டமையால், அது தனித்து நின்று எதனையும் நிறுவாது. வலுவான சான்று வேறிடத்தில் உள்ளது. கபீர், பரீது முதலியோர் தத்தம் பெயராலேயே கிரந்தத்தில் இடம்பெறுகின்றனர். மர்தானாவைப் போன்றே இசைவாணர்களான சத்தா, பல்வந்த் ஆகியோரின் ராம்கலி வாருக்கு, அவர்கள் ‘கூறியது’ எனத் தலைப்பே தெளிவுறுத்துகிறது. மர்தானாவுக்கு அத்தகைய வினைச்சொல் தரப்படவில்லை. எனவே முதற்கொள்கையே பொருத்தமுடையது. முத்திரையற்ற மூன்றாம் சலோகம் மட்டும் இம்முடிவுக்குச் சற்றே நெருடலாக நிற்கிறது.

ஆயினும் இம்முடிவு மர்தானாவின் இடத்தைக் குறைப்பதாகாது. கேட்போர் பெயரைத் தலைப்பில் ஏற்றுவது கிரந்தத்தில் இயல்பான வழக்கன்று. குருவின் மகலா நிற்கவேண்டிய இடத்தில் ஒரு மிராசியின் பெயர் நிற்கிறது. தொகுத்தோர் அதனை நீக்கவுமில்லை.