இறங்குமுன் பிரேக்கைப் பார்ப்போம்

ரத்தோட்டையிலிருந்து ரிவர்ஸ்டன் கடந்து இலுக்கும்புரைக்கு இறங்கும் பாதை வளைவுகள் நிறைந்தது. இத்தகைய பாதைகளில் பழைய லேன்ட் ரோவரில் மரக்கறி மூட்டைகளோடு பிள்ளைகளையும் ஏற்றுகிறோம். வீட்டிலேயே வாகனம் திருத்தும் நாம் முதலில் கவனிக்க வேண்டியது எது?

1. மிகப் பழைய லேன்ட் ரோவர்களில் நான்கு சில்லுகளின் பிரேக்கும் ஒரே குழாய்த் தொகுதியில் இயங்குகின்றன. ஓரிடத்தில் கசிந்தால் நான்கும் செயலிழக்கும். சில்லுகளின் உட்புறத்தில் ஈரம் உண்டா எனப் பாருங்கள்.

2. பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். நீண்ட இறக்கத்தில் அது சூடேறி ஆவியானால் மிதித்தாலும் பிரேக் பிடிக்காது. 2 ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றுங்கள். எஞ்சின் எண்ணெயை ஊற்றவே வேண்டாம். உள்ளேயுள்ள ரப்பர் ஊதிக் கெடும்.

3. கைபிரேக் சில்லுகளைப் பிடிப்பதில்லை. சில்லுகளைச் சுழற்றும் தண்டையே பிடிக்கிறது. ஒரு பின்சில்லை ஜாக்கியால் உயர்த்தினால் வாகனம் உருளக்கூடும். மற்றச் சில்லுகளுக்குக் கல் வைத்த பின்பே உயர்த்துங்கள்.

4. இறக்கத்தில் குறைந்த கியரில் செல்லுங்கள். எஞ்சினே வேகத்தைத் தடுக்கும்.

பெரிய டயர் பூட்ட ஆசைப்படுவோர் உண்டு. அதனால் பிரேக்கின் வேலை கூடும். ஏறும் வலுவைக் கூட்டுமுன் நிறுத்தும் வலுவை உறுதிசெய்வோம்.

கலந்துரையாடுவோம்: நமது வாகனத்தின் பிரேக் எண்ணெய் கடைசியாக எப்போது மாற்றப்பட்டது?