ஸ்டீரியோ எந்த இடத்தில் பிறக்க வேண்டும்?

கிட்டாரிலிருந்து வருவது ஒரே ஒரு சிக்னல். ரிக்கன்பேக்கர் கிட்டார் சிலவற்றில் இரண்டு பிக்கப்பும் தனித்தனியே வெளிவர ரிக்-ஓ-சவுண்ட் என்ற ஜேக் உண்டு. அதுபோன்ற சில விதிவிலக்குகளை விட்டால், கம்பியின் அதிர்வு ஒரே கேபிளில் மோனோவாகத்தான், ஆம்பையும் எஃபெக்டுகளையும் டிஜிட்டலாகப் போலச்செய்யும் மாடலருக்குள் நுழைகிறது. ஹெட்போனில் நாம் ரசிக்கும் இட வல விரிவு முழுக்க முழுக்க உள்ளே நாமே உண்டாக்கியது. அதனால் அதை எந்த இடத்தில் உண்டாக்குகிறோம் என்பது பிரீசெட் அமைப்பதில் முதல் முடிவாக இருக்க வேண்டும். பெரும்பாலும் அது கடைசி முடிவாகக்கூட இருப்பதில்லை. எஃபெக்டுகளின் பட்டியலில் ஸ்டீரியோ என்று போட்டிருந்தால் அதுதான் உசத்தி என்று எடுத்துச் சொருகிவிடுகிறோம். மாடலர்களோடு புழங்கிய அனுபவத்தில் நான் வந்து சேர்ந்த நிலை இது: ஆம்ப், கேப் (ஸ்பீக்கர் பெட்டி) முடியும்வரை மோனோ, அதற்குப் பின் ஒரே இடத்தில் ஸ்டீரியோ, அந்த விரிவைப் பிடுங்கிவிட்டாலும் வாசிப்பில் ஒரு சுரம்கூடக் குறையக் கூடாது.

முதல் காரணம் கருவியின் அமைப்பிலேயே இருக்கிறது. 2015-இல் வந்த லைன் 6 ஹீலிக்ஸ் மாடலரில் ஆம்ப் பிளாக்குகள் மோனோ. அவற்றுக்கு முன்னால் ஸ்டீரியோ கோரஸ் ஒன்றை வைத்தால், ஆம்பை எட்டும்போது இரண்டு பக்கமும் ஒன்றாகக் கலந்துவிடும். கெம்பர் மாடலரிலும் ஆம்ப் பகுதி மோனோதான். விரிவு அதற்குப் பின்னால் உள்ள இடங்களில்தான் கிடைக்கும். ஆம்புக்கு முன் வைத்த ஸ்டீரியோ பிளாக், கேட்காத விரிவுக்காகப் பிராசசர் சக்தியைத் தின்கிறது. இன்னும் அதிகம் கவனிக்க வேண்டியது சங்கிலியின் பின்பகுதி. ஸ்டீரியோ டிலேக்குப் பின்னால் மோனோ ஈக்யூ ஒன்றைத் தெரியாமல் வைத்தால், அதுவரை கட்டிய விரிவெல்லாம் அந்த ஒரு பிளாக்கில் சரிந்துவிடும். இடமும் வலமும் மாறி மாறி ஒலிக்க வேண்டிய பிங்-பாங் டிலே, நடுவில் நின்று தட்டும் சாதாரண டிலேயாகிவிடும். பிரீசெட் ஏனோ தட்டையாக இருக்கிறது என்று தோன்றினால், டோனைத் திருகுவதற்கு முன் ஒவ்வொரு பிளாக்கும் மோனோவா ஸ்டீரியோவா என்று இடமிருந்து வலமாகப் பார்த்துவிடுங்கள்.

இரண்டாவது காரணம் கேட்பவரின் காது. மண்டபத்தின் ஒரு ஓரத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு அந்தப் பக்கத்து ஸ்பீக்கர்தான் கேட்கும். பல இடங்களில் ஒலியமைப்பே மோனோவாக இருக்கும். மேடை மானிட்டரும் அப்படித்தான். இங்கே எல்லாரும் விரும்பும் ஒரு வித்தையைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரே சிக்னலை இரண்டாக்கி, ஒரு பக்கத்தை மட்டும் 10 மில்லி விநாடி தாமதப்படுத்தினால் ஹெட்போனில் ஒலி பிரமாதமாக விரியும். முதலில் வந்து சேரும் ஒலியின் திசையையே காது நம்புகிறது என்று ஹெல்முட் ஹாஸ் 1949-இல் விளக்கியதுதான் இதன் அடிப்படை. அதே இரண்டையும் மோனோவாகக் கூட்டினால் 50, 150, 250, 350 ஹெர்ட்ஸ் என்று 100 ஹெர்ட்ஸுக்கு ஒன்றாக ஒலியில் பள்ளங்கள் விழும். கிட்டாரின் இரண்டாவது கம்பியைத் திறந்து மீட்டினால் வருவது ஏறத்தாழ 247 ஹெர்ட்ஸ். அது 250-இன் பள்ளத்தில் விழுந்து, அதன் அடிப்படை அதிர்வு பத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். முதல் கம்பியின் மூன்றாவது ஃப்ரெட்டில் வரும் 392 ஹெர்ட்ஸோ பள்ளத்தில் சிக்காமல் ஏறக்குறைய முழுதாக நிற்கும். ஒரே விசையில் மீட்டிய இரண்டு சுரங்களில் ஒன்று மெலிந்தும் மற்றது நிறைந்தும் கேட்கும். வாசிப்பவரின் கையில் குறை இருப்பதாகவே கேட்பவருக்குத் தோன்றும். எனக்கு இது சாதாரண விஷயமாகப் படவில்லை.

லெஃப்ட்/மோனோ என்று எழுதிய ஜேக்கில் மட்டும் கேபிளைச் செருகினால் கருவியே இரண்டையும் சேர்த்துக் கொடுத்துவிடுமே, பிறகென்ன கவலை என்று கேட்கலாம். பல கருவிகள் சேர்த்துத்தான் கொடுக்கின்றன. ஆனால் அது வெறும் கூட்டல். மேலே சொன்ன பள்ளங்கள் அந்தக் கூட்டலில்தான் பிறக்கின்றன. விழுந்ததை எந்த ஈக்யூவாலும் திரும்ப நிரப்ப முடியாது.

இதைவிட வலுவான ஆட்சேபம் ஒன்று உண்டு. இரண்டு வெவ்வேறு ஆம்புகளை இடமும் வலமுமாக வைத்து வாசிப்பதன் செழுமையை ஒரே மோனோ ஆம்ப் தருமா? தராது, அதை நான் மறுக்கவில்லை. அப்படி அமைப்பவர்கள் பாதையைப் பிரிக்கும் இடத்தையே ஸ்டீரியோவின் பிறப்பிடமாகக் கொண்டு, அதன்பின் எதையும் மோனோவாக வைக்காமல் இருந்தால் போதும். வேறுபாடு ஆம்பின் குணத்தில் இருக்கட்டும், நேரத்தில் வேண்டாம். மைக்கின் தூரம் 34 சென்டிமீட்டர் மாறினாலே ஒலி சுமார் 1 மில்லி விநாடி தாமதமாகும். கூட்டும்போது முதல் பள்ளம் 500 ஹெர்ட்ஸில் விழும். இரண்டு கேப்புகளுக்கும் மைக் தூரத்தை நெருக்கமாக வைத்துப் பாருங்கள். பாதைகள் சேரும் மிக்ஸர் பிளாக்கில் ஒன்றின் பொலாரிட்டியைத் திருப்பியும் கேளுங்கள். எது கனமாக ஒலிக்கிறதோ அது சரி. இரண்டு ஆம்புகளில் எதை மட்டும் கேட்டாலும் பாட்டு ஓட வேண்டும். ஒன்றில் தாளமும் மற்றதில் மெலடியும் என்று பிரித்தால், ஓரத்து இருக்கைக்காரருக்குப் பாதிப் பாட்டுதான்.

ரெக்கார்டிங்கில் மோனோவைப் பற்றி ஏன் யோசிக்க வேண்டும் என்பாரும் உண்டு. அங்கே என் யோசனை இன்னும் எளிது: விரிவு வேண்டுமென்றால் அதே பகுதியை இரண்டு முறை வாசித்து ஒவ்வொரு பக்கம் வையுங்கள். இரண்டு வாசிப்புகளுக்கு இடையிலான நேர வேறுபாடு கணத்துக்குக் கணம் மாறுவதால் பள்ளங்கள் ஓரிடத்தில் நிலைக்காது. நகலெடுத்துத் தாமதப்படுத்துவது இதற்கு ஈடாகாது.

நல்ல ஸ்டீரியோவுக்கு எடுத்துக்காட்டாக நான் எப்போதும் நினைப்பது 1975-இல் வந்த ரோலண்ட் ஜேசி-120. அதன் கோரஸில் ஒரு ஸ்பீக்கர் நேரான ஒலியையும், மற்றொன்று சுருதி மெல்ல அசையும் ஒலியையும் தருகின்றன. இரண்டும் காற்றில் கலக்கின்றன. அங்கேயும் தாமதம் உண்டு. ஆனால் அது ஓயாமல் நகர்வதால் பள்ளங்களும் நகர்கின்றன, அந்த நகர்வைத்தான் கோரஸ் என்று கேட்கிறோம். மின்சாரத்திலேயே கூட்டினாலும் அது கோரஸாகவே நிற்கும்.

ஆகவே பிரீசெட்டை மோனோவில் கேட்டுக்கொண்டே அமையுங்கள், பிறகு விரியுங்கள். ஸ்டீரியோ ரிவெர்பின் இரு பக்கமும் ஒன்றுக்கொன்று தொடர்பின்றி இருப்பதால், மோனோவில் அது நேரான ஒலியைவிடச் சுமார் 3 டெசிபல் பின்வாங்கும். மோனோவில் போதுமென்று வைத்த அளவு, விரித்ததும் சற்றுத் தாராளமாகும். கடைசியாகக் கேபிள். ஹெட்போன் ஜேக்கிலிருந்து ஸ்டீரியோ கேபிளை நேராக மிக்ஸரின் பேலன்ஸ்டு உள்ளீட்டில் செருகாதீர்கள். அந்த உள்ளீடு இரண்டு பக்கங்களின் வித்தியாசத்தை மட்டுமே எடுத்துக்கொள்ளும். நடுவில் நிற்கும் கிட்டார் காணாமல்போய், ரிவெர்பின் மிச்சம் மட்டும் மிதக்கும். இரண்டு சேனல்கள் கேளுங்கள். ஒன்றுதான் என்றால் லெஃப்ட்/மோனோ ஜேக்கிலிருந்து ஒற்றைக் கேபிளைக் கொடுங்கள்.