எஞ்சிய உணவும் இல்லறத்தார் அறமும்



கதிரவன் மேற்கே சாயும் வேளையில் நம் இல்லங்களின் அடுக்களையில் நாள்தோறும் ஒரு கேள்வி எழுகின்றது. நண்பகலில் ஆக்கிய சோற்றில் ஒரு பகுதி பாத்திரத்தில் எஞ்சியிருக்கும். குழம்பு சிறிது, பொரியல் சிறிது இருக்கும். அனைவரும் உண்டாயிற்று, பொழுதும் இறங்குகின்றது. இவற்றை என் செய்வது?

உணவை வீணாக்கலாகாது என்பது ஒரு கடமை. இரவு கடந்த உணவை உண்ணலாகாது என்பது மற்றொரு கடமை. முன்னதைப் போற்றினால் பின்னது தவறும் போலவும், பின்னதைப் போற்றினால் முன்னது தவறும் போலவும் தோன்றும். இவ்விரண்டையும் ஒருங்கே காப்பது எவ்வாறு என்பதனை இப்பாடத்தில் ஆராய்வோம்.

எங்கள் இல்லத்தில் நிகழ்ந்தது

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு விசேட நாளில் இருபது பேருக்கு என எண்ணிச் சமைத்தோம். வந்தவர் பன்னிருவர். சாம்பார் சாதமும் பாயசமும் மிகுந்து நின்றன. விருந்தினரை வழியனுப்பும் பரபரப்பில் பொழுது போயிற்று. இரவு உண்ணா நோன்பு உடையோம் ஆதலின் எவரும் அதனைத் தொடவில்லை, மூடி வைத்தோம். மறுநாட் காலையில், வீட்டு வேலைக்கு உதவ வரும் அம்மையாரிடம் அப்பாத்திரத்தை எடுத்து நீட்டினோம். அவர் மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டு மெல்லக் கேட்டார்: “அம்மா, நீங்க சாப்பிடக் கூடாதுன்னு வெச்சதை என் பிள்ளைங்க சாப்பிடலாமா?”

அக்கேள்விக்கு எங்களிடம் விடையில்லை. நமக்கு ஆகாது என்று அறம் விலக்கிய ஒன்றை மற்றொருவர் கையில் கொடுத்துவிட்டு, அதனைத் தானம் என்று மனத்துள் எண்ணியிருந்தோம். அன்று நாணினோம். அந்நாள் முதல் எங்கள் அடுக்களையின் ஒழுங்கு மாறிற்று. மாறிய அவ்வொழுங்கையே கீழே எழுதுகின்றோம்.

வீணான உணவு இம்சையாவது எங்ஙனம்?

இல்லறத்தார்க்குரிய குணவிரதங்களுள் அனர்த்த தண்ட விரதம் ஒன்று. பயனின்றிச் செய்யும் தீங்கினின்று விலகுதல் என்பது இதன் பொருள். சமந்தபத்திர ஆசாரியர் இயற்றிய இரத்தினகரண்டக சிராவகாசாரம் இத்தீங்கினை ஐந்தாக வகுக்கின்றது. அவற்றுள் ஒன்று பிரமாதசரியை. நிலத்தை அகழ்தல், நீரை இறைத்தல், தீ மூட்டல், காற்றை எழுப்புதல், செடிகொடிகளை அறுத்தல் ஆகியவற்றைப் பயனின்றிச் செய்வது அது.

ஒரு பிடிச் சோற்றை எண்ணிப் பாருங்கள். அதன் பொருட்டு நிலம் உழப்பட்டது, நீர் பாய்ச்சப்பட்டது, நெற்பயிர் அறுக்கப்பட்டது, உமி காற்றில் தூற்றப்பட்டது, அடுப்பில் தீ எரிந்தது. நிலவுயிர், நீருயிர், தீயுயிர், காற்றுயிர், தாவரவுயிர் என ஓரறிவுயிர்கள் ஐவகையும் அப்பிடிச் சோற்றின்பொருட்டு வருந்தின. உண்டு உடலைக் காத்தால் அது இல்லறத்தார்க்குத் தவிர்க்கவியலாத ஆரம்ப இம்சை. குப்பையிற் கொட்டினாலோ, அத்தனையும் பயனற்ற இம்சையாகிவிடுகின்றது.

இதனைக் கணக்கிட்டும் காணலாம். ஓர் இல்லத்தில் நாளொன்றுக்கு 50 கிராம் சோறு, அதாவது ஒரு சிறு கைப்பிடி, வீணாகின்றது என்று கொள்வோம். ஆண்டிற்கு அது 18 கிலோவாகும். அத்துணைச் சோற்றுக்கு ஏறத்தாழ 6 கிலோ அரிசியும், அவ்வரிசிக்கு ஏறத்தாழ 9 கிலோ நெல்லும் வேண்டும். ஒரு கிலோ நெல் விளையச் சராசரியாக 2,500 லிட்டர் நீர் செலவாகின்றது என்பது வேளாண் அறிஞர் கணக்கு. ஆகவே அக்கைப்பிடிச் சோற்றின் பின்னே ஆண்டிற்கு 22,500 லிட்டர் நீர் மறைந்துள்ளது. குடிநீரை வடிகட்டிச் சொட்டுச் சொட்டாகக் காக்கும் நாம் இந்நீரையும் கருதுதல் வேண்டும்.

ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டம் 2024-ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கை, 2022-இல் மட்டும் உலகில் 105 கோடி டன் உணவு வீணாயிற்று என்கின்றது. அதில் ஏறத்தாழ 60 விழுக்காடு வீணானது இல்லங்களிலேயே. திருமணப் பந்திகளைக் குறை கூறும் நாம் முதலில் நம் பாத்திரத்தைத் திறந்து பார்த்தல் நலம்.

இரவு கடந்த உணவு விலக்கப்பட்டது ஏன்?

ஈரம் மிகுந்த உணவு நேரம் செல்லச் செல்ல நுண்ணுயிர்கள் தோன்றிப் பெருகும் இடமாகின்றது. அதனை உண்பது அவ்வுயிர்களுக்கு ஊறு செய்வதாம். இதனாலேயே நம் முன்னோர் ஒவ்வொரு பொருளுக்கும் கால எல்லை வகுத்தனர். திகம்பர மரபில் அரைத்த மாவிற்கு மழைக்காலத்தில் 3 நாள், கோடையில் 5 நாள், குளிர்காலத்தில் 7 நாள் என்ற வரையறை வழங்குகின்றது. நீர் மிகுந்த சோறு, குழம்பு போன்றவற்றிற்கு எல்லை மிகக் குறைவு. நீரற்ற பண்டங்களுக்குச் சற்று மிகுதி.

இக்கால அறிவியலும் சோற்றைப் பற்றி எச்சரிக்கின்றது. பாசில்லஸ் சீரியஸ் என்னும் நுண்ணுயிரின் வித்துகள் அரிசி வெந்த பின்னும் அழிவதில்லை. சோற்றை வெளியில் வைத்திருக்கையில் அவை முளைத்துப் பெருகி வாந்தியை உண்டாக்கும் நஞ்சினைத் தோற்றுவிக்கும். அந்நஞ்சு மீண்டும் சூடாக்கினாலும் அழியாது. “நன்றாகச் சூடு செய்துவிட்டோம், அச்சமில்லை” என்று எண்ணுவது தவறு.

நீரில் ஊறிய பழைய சோறு தமிழகத்தின் தொன்மையான உணவு. அதனை உண்போரைக் குறை கூறுதல் நம் நோக்கமன்று. நம் விரதத்தின் எல்லையை நாம் அறிந்து நடத்தலே நோக்கம்.

முதற் படி: அளந்து சமைத்தல்

எஞ்சியதைப் பயன்படுத்தும் கலையில் தலையாயது எஞ்சாமற் செய்தலேயாம். போகோபபோக பரிமாணம் என்னும் நுகர்ச்சி வரையறையை அரிசிப் பானையிலிருந்தே தொடங்கலாம்.

கண்ணளவை விடுத்து ஒரே ஆழாக்கினால் அளந்து போடுக. காலையிலேயே, இன்று எவர் இல்லத்தில் உண்பர், எவர் வெளியில் உண்பர் எனக் கேட்டறிக. ஒரு வாரம் எஞ்சியதன் அளவைக் குறித்து வைத்தால், மறுவாரம் எவ்வளவு குறைக்கலாம் என்பது தானே விளங்கும்.

பரிமாறுங்கால் முதலிற் குறைவாக இட்டு, வேண்டுவோர்க்குப் பின்னர் இடுக. வயிறு நிறைய உண்ணாது சிறிது குறைத்து உண்ணும் அவமோதரியம் புறத்தவங்களுள் ஒன்று என்பதனைச் சிறுவர்க்கும் கற்பிக்கலாம். தட்டில் எச்சிலாக எஞ்சும் உணவைப் பிறர்க்கு ஈதலும் இயலாது என்பதால், தட்டில் மிஞ்சாமையே முதற் காவல்.

காய்களின் தோலும் உணவே. பீர்க்கங்காய்த் தோலும் வாழைக்காய்த் தோலும் துவையலுக்கு ஏற்றவை. பறங்கி விதையை உலர்த்தி வறுத்து உண்ணலாம்.

இரண்டாம் படி: மாலைக்குள் பயன்படுத்துதல்

பிற்பகல் மூன்று மணி அளவில் ஒருமுறை பாத்திரங்களைத் திறந்து பார்க்கும் வழக்கத்தை மேற்கொள்க. கதிரவன் மறையுமுன் மாலையுணவு முடிய வேண்டும் ஆதலின், அந்நேரத்தில் எஞ்சியிருப்பதைக் கொண்டே மாலையுணவைத் திட்டமிடலாம். கெடாத உணவிற்கு மட்டுமே கீழ்க்காணும் முறைகள் பொருந்தும்.

1. வெறும் சோறு: எலுமிச்சைச் சாறு அல்லது புளிக்காய்ச்சல் சேர்த்துக் கடுகு, மிளகாய் வற்றல், பெருங்காயம், கறிவேப்பிலை தாளித்துக் கலக்கலாம். தயிர்ச் சோறாக்குவோர், தயிரும் பருப்பும் கலவாத துவிதள ஒழுக்கத்தைப் போற்றுபவராயின், தாளிப்பில் கடலைப்பருப்பையும் உளுத்தம்பருப்பையும் நீக்குக.

2. குழைந்த சோறு: நன்கு மசித்து, அரிசி மாவும் சீரகமும் உப்பும் சேர்த்துப் பிசைந்து, தட்டிக் கல்லில் இட்டு ரொட்டியாகச் சுடலாம். கோடையில், காலையில் ஆக்கிய சோற்றை அப்பொழுதே மசித்து மிக மெல்லியதாகத் துணியிற் பரப்பினால், மாலைக்குள் ஈரம் நீங்கி வடகமாகும். மழைக்காலத்தில் இதனைச் செய்ய வேண்டா.

3. பருப்பும் கூட்டும்: நீருக்கு மாறாக இவற்றையே கோதுமை மாவில் விட்டு, ஓமம் சேர்த்துப் பிசைந்து சப்பாத்தி இடலாம். பொரியலைச் சப்பாத்தியின் உள்ளே வைத்தும் சுடலாம்.

4. காலை இட்டலி: உதிர்த்துத் தாளித்து உப்புமாவாக்கி நண்பகலிலேயே உண்டு முடிக்கலாம்.

5. எஞ்சிய சப்பாத்தி: மொறுமொறுப்பாக வாட்டிப் பொடித்து, வெல்லமும் நெய்யும் ஏலமும் சேர்த்து உருண்டை பிடித்தால் சிறுவர் விரும்பி உண்பர்.

இங்கு ஒன்றை மனந்திறந்து கூற விரும்புகின்றோம். பல இல்லங்களில் எஞ்சியதையெல்லாம் ‘வீணாகக் கூடாதே’ என்று இல்லத்தரசியே தனித்திருந்து உண்கின்றார். பசியின்றி, வேண்டிய அளவுக்கு மேல் உண்டு உடலை வருத்திக் கொள்கின்றார். இதுவும் உணவை வீணாக்குதலே. தம்முயிர்க்குச் செய்யும் இம்சையுமாம். எஞ்சியது ஒருவர் பங்கன்று. இல்லத்தார் அனைவரும் பகிர்ந்துண்ண வேண்டுவது.

மூன்றாம் படி: காலத்தில் ஈதல்

தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயம், அதிதி சம்விபாக விரதத்திற்குரிய ஐந்து அதிசாரங்களுள் காலாதிக்கிரமம் என்பதையும் சேர்த்துக் கூறுகின்றது. உரிய காலம் கடந்து ஈதல் ஒரு குற்றம் என்பது கருத்து. இது துறவியர்க்கு ஈயும் உணவைக் குறித்துச் சொல்லப்பட்டதாயினும், பசித்த எவருக்கும் உணவளிப்போர் கொள்ள வேண்டிய பாடம் இதில் உண்டு.

ஆகவே உணவு மிகும் என்று தெரிந்தவுடன், அது சூடாக இருக்கும்பொழுதே, நாம் உண்பதற்கு முன் எடுத்து வைத்த பகுதியாகவே அதனை ஈதல் வேண்டும். வேலைக்கு உதவ வருவோர், தெருவில் உழைப்போர், அண்டை வீட்டு முதியோர் ஆகியோரிடம் முன்னரே கேட்டு, அவர் விரும்பும் நேரத்தில், தூய பாத்திரத்தில் கொடுக்க வேண்டும். நாம் உண்ண ஒருப்படும் உணவையே பிறர்க்குக் கொடுக்கலாம். இவ்வொரு சோதனை போதும்.

நான்காம் படி: விலங்கும் மண்ணும்

அரிசி களைந்த கழுநீரும் வடித்த கஞ்சியும் மாட்டிற்கு உகந்தவை. ஆயினும் மிகுந்த சோற்றை ஒரே வேளையில் மாட்டிற்குக் கொட்டுதல் தகாது. அதன் முதல் இரைப்பையில் அமிலம் பெருகி உயிர்க்கே கேடு நேரக்கூடும். புளித்ததையும் பூசணம் பூத்ததையும் இடலாகாது. நெகிழிப் பையிற் கட்டித் தெருவில் எறியும் உணவை மாடு பையோடு விழுங்குகின்றது. அச்செயலின் பாவம் கட்டி எறிந்த கைக்கே உரியது.

கெட்டுவிட்ட உணவில் உயிர்கள் முன்னரே தோன்றியிருக்கும். அதனை எரித்தலும், கொதிநீர் ஊற்றிக் கழுவுதலும் வேண்டா. கழிப்பனவற்றை உயிர்க்கு ஊறின்றி இடம் நோக்கி இடுதல் முனிவர்க்குரிய ஐந்து சமிதிகளுள் ஒன்று. அதன் சாயலேனும் நம்மிடம் இருக்கட்டும். மர நிழலில், எறும்புப் புற்று இல்லாத இடம் பார்த்து, உலர்ந்த சருகோடு கலந்து மண்ணில் இடுக. காய்த் தோல்களைத் துளையிட்ட மண்தொட்டியில் சருகு மாற்றி மாற்றி இட்டால் சில வாரங்களில் எருவாகும். பெருங்குப்பை மேட்டில் காற்றுப் புகாமல் அழுகும் உணவிலிருந்து புவியை வெப்பமாக்கும் மீத்தேன் வாயு எழுகின்றது. மண்ணோடு கலந்து மக்குவதில் அக்கேடு குறைவு.

குளிர்சாதனப் பெட்டி உள்ள இல்லங்களுக்கு

நோயாளர், குழந்தைகள், இரவுப் பணி செய்வோர் ஆகியோர் பொருட்டுச் சில இல்லங்களில் உணவை வைத்திருக்க நேரிடலாம். அவர்க்குச் சில சொற்கள். குளிர் நுண்ணுயிர்ப் பெருக்கத்தைத் தாமதிக்குமேயன்றி முற்றிலும் தடுக்காது. ஆக்கிய இரண்டு மணி நேரத்திற்குள் அகன்ற பாத்திரத்தில் ஆறவிட்டு, 5 பாகை செல்சியசுக்கும் குறைவான குளிரில் வைக்க வேண்டும். சோற்றை ஒரு நாளுக்கு மேல் வைக்கலாகாது. ஒரு முறைக்கு மேல் சூடாக்கலும் ஆகாது. ‘பெட்டி இருக்கின்றதே’ என்று மிகுதியாகச் சமைப்பதுதான் இக்காலத்துப் புதிய தவறு.

முடிவுரை

இரண்டு கடமைகளும் மோதுவன போல் தோன்றியது கதிரவன் மறைந்த பின்னரே. பகற்பொழுதில் அவை ஒன்றேயாம். காலையில் அளந்தும், நண்பகலில் பகிர்ந்தும், மாலையில் முடித்தும் வாழும் இல்லத்தில் இரவில் மூடி வைப்பதற்கு ஒன்றும் இராது. அன்று கேட்கப்பட்ட கேள்வியும் அவ்வில்லத்தின் வாயிலில் எழாது.

இல்லத்தார் கூடிச் சிந்திப்பதற்கு:

1. சென்ற வாரம் நம் அடுக்களையில் எஞ்சியது எது? எதனால் எஞ்சிற்று?
2. நம் இல்லத்தில் எஞ்சியதை உண்பவர் யார்? அவர் விரும்பி உண்கின்றாரா?
3. நாம் பிறர்க்கு ஈந்த உணவை அந்நேரத்தில் நாம் உண்டிருப்போமா?

அறம் வளர்க!