குதிகால் வலிக்கு கோடு போடுகிறவர்கள் கவனத்துக்கு

காலையில் எழுந்து முதல் அடி வைத்ததும் குதிகாலில் சுருக்கென்று குத்தும். நாலு எட்டு நடந்தால் கொஞ்சம் விடும். சுரங்கத்தில் பூட்ஸ் காலோடு நாள் முழுக்க நிற்கிற நெய்வேலிக்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. டாக்டர்கள் இதைப் பிளான்டார் ஃபேசியைடிஸ் என்பார்கள். திருவதிகையிலோ பண்ருட்டியிலோ வீட்டிலிருந்தபடி அமெரிக்க நோயாளிகளின் சார்ட்டுகளுக்கு மருத்துவக் கோடிங் செய்யப் புதிதாகச் சேர்ந்தவர்களிடம் இந்த நோயின் சார்ட் அடிக்கடி வரும். எளிதாகத் தெரியும்; சறுக்கும் இடங்களும் இதில்தான் அதிகம்.

செய்ய வேண்டியவை

• டாக்டரின் அசெஸ்மென்ட் பகுதியை முழுதாகப் படியுங்கள். பிளான்டார் ஃபேசியைடிஸ் என்று உறுதியாக எழுதியிருந்தால், ஐசிடி-10 பட்டியலின் நோய்க் கோடு எம்72.2. கோடின் தலைப்பில் 'ஃபைப்ரோமடோசிஸ்' என்று இருப்பதைப் பார்த்து மிரள வேண்டாம். ஃபேசியைடிஸும் அதற்குள்தான் வருகிறது.

• குதிகால் முள்ளையும் டாக்டர் நோயாகக் குறித்திருந்தால் அதைத் தனியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்: வலது எம்77.31, இடது எம்77.32.

• எம்72.2-இல் வலது, இடது கிடையாது. ஆகவே ஊசி போட்டிருந்தால் எந்தக் கால் என்பதை ஊசிக்கான சிபிடி கோடு 20550-உடன் ஆர்டி (வலது) அல்லது எல்டி (இடது) மாடிஃபையர் போட்டுக் காட்டுங்கள்.

• மருந்தைத் தனியாக பில் செய்யுங்கள். டிரையாம்சினலோன் ஊசிக்கான ஜே3301-இல் ஒரு யூனிட் என்பது 10 மி.கி.; 40 மி.கி. போட்டிருந்தால் 4 யூனிட். இங்கே 1 என்று போட்டால் முக்கால் பங்கு மருந்துக்குப் பணம் வராது. 40 என்று போட்டால் ஆடிட்டில் மாட்டும்.

• அக்டோபர் 1 அன்று புதிய ஆண்டின் நோய்க் கோடுகள் நடைமுறைக்கு வரும். சிகிச்சை நடந்த தேதிக்கு உரிய பட்டியலைப் பாருங்கள்.

• எந்தக் கால் என்றே குறிப்பில் இல்லையா? டாக்டருக்கு க்வெரி அனுப்புங்கள்.

செய்யக்கூடாதவை

• எம்72.2 போட்ட பிறகு பாதவலிக்கான எம்79.67 வரிசைக் கோடையும் சேர்க்காதீர்கள். அந்த வலி நோயின் அறிகுறிதான்.

• புறநோயாளி சார்ட்டில் 'சஸ்பெக்டட்', 'ப்ராபபிள்', 'ரூல் அவுட்' என்று இருந்தால் நோய் உறுதியானதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அப்போதுதான் வலியின் கோடு: வலது எம்79.671, இடது எம்79.672.

• குதிகாலின் பின்புற வலியை இதோடு குழப்பாதீர்கள். ஆக்கிலிஸ் தசைநார் அழற்சிக்கு எம்76.6 வரிசை.

• ஊசி போட்ட நாளிலெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு மாடிஃபையர் 25 போடாதீர்கள். ஊசிக்கு அப்பால் தனியாகக் குறிப்பிடத்தக்க பரிசோதனை நடந்ததாகக் குறிப்பு இருக்க வேண்டும்.

• கிளெய்ம் டினையல் ஆகிவிட்டது என்பதற்காக, பணம் கிடைக்கிற நோயாக மாற்றி எழுதாதீர்கள். அது திருத்தமல்ல, மோசடி.

• சந்தேகம் கேட்கிற சாக்கில் சார்ட்டைப் படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். நோயாளியின் தகவல் வெளியே போனால் அமெரிக்காவின் ஹிப்பா சட்டப்படி அது மீறல்.

• அமெரிக்கக் கோடிங் பழக்கத்தோடு நம்மூர் காப்பீட்டுப் படிவத்தை நிரப்பாதீர்கள். மருத்துவமனை நிரப்பும் பகுதி 'பி'-யிலும் ஐசிடி-10 கட்டம் உண்டு. ஆனால் உலக சுகாதார நிறுவனத்தின் பட்டியலில் குதிகால் முள்ளுக்கு எம்77.3 மட்டுமே; வலது, இடது காட்டும் கடைசி இலக்கம் அமெரிக்கர்கள் சேர்த்துக்கொண்டது.

எந்தக் கோடைப் போட்டாலும், அதற்கு ஆதாரமான வரியை சார்ட்டில் தொட்டுக் காட்ட முடிய வேண்டும். முடியாவிட்டால் சப்மிட் பொத்தானை அழுத்தாதீர்கள்.