நெஞ்சுப் படத்தில் வயிற்றைத் தேடுங்கள்

"ரெண்டு நாளா இழுக்குது டொக்டர், குடிக்கிற பால் எல்லாம் சத்தி எடுக்குது." அனலைதீவில் ஒரு தாய் தன் மூன்று மாதக் குழந்தையை இப்படிச் சொல்லித்தான் என்னிடம் தந்தார். இடப்பக்க நெஞ்சில் மூச்சுச் சத்தம் குறைவு. இதயத் துடிப்போ வலப்பக்கம் கேட்டது. ஒட்சிசன் கொடுத்தபடி வள்ளத்தில் ஊர்காவற்துறைக்குக் கடந்து, அங்கிருந்து அம்புலன்சில் பண்ணைப் பாலம் தாண்டினோம்.

எக்ஸ்றேயில் இட நெஞ்சு முழுவதும் காற்று. நுரையீரலுக்கு வெளியே காற்றுக் கட்டியிருக்கிறது என்று நம்பி, ஊசியால் அதை எடுக்க ஆயத்தமானேன். பக்கத்தில் நின்ற மூத்த மருத்துவர் கேட்டார்: "இரைப்பை எங்கே?"

வயிற்றில் அதன் காற்று நிழல் இல்லை. மூக்கு வழியாகக் குழாய் செலுத்தி மறுபடி படம் எடுத்தோம். குழாயின் நுனி நெஞ்சுக்குள் சுருண்டு கிடந்தது. நான் குத்தவிருந்தது இரைப்பையை. குழாயால் காற்று இறங்கியதும் குழந்தைக்கு மூச்சு இலகுவானது. சத்திரசிகிச்சையும் நல்லபடி முடிந்தது.

நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் பிரிமென்தகடு கருவிலேயே முழுதாக மூடாவிட்டால், குடலும் இரைப்பையும் மேலே ஏறிவிடும். ஏறத்தாழ 3,000 பிறப்புகளில் ஒன்றில் இது நேர்கிறது, பெரும்பாலும் இடப்பக்கத்தில். பல குழந்தைகள் பிறந்தவுடனேயே திணறும். சிலருக்கு மாதங்கள் கழித்தே தெரியவரும்.

அன்று முதல் நான் கடைப்பிடிப்பவை இவை:

படத்தில் வயிறும் அடங்கவேண்டும். பிரிமென்தகட்டின் கோட்டை இருபுறமும் தொடர்ந்து பாருங்கள். கோடு மறையும் இடத்தில் சந்தேகப்படுங்கள்.

குழந்தையின் நிலை இடம் கொடுத்தால், ஊசிக்கு முன் குழாய். நோயைக் காட்டுவதும் அதுதான், இரைப்பையின் வீக்கத்தைத் தணிப்பதும் அதுதான்.

பிறந்தவுடன் எடுத்த படத்தில் குடலுக்குள் காற்று சேர்ந்திராது. நெஞ்சின் ஒரு பாதி வெறும் வெள்ளையாகத் தெரியலாம். வலப்பக்கத்தில் ஈரல் ஏறியிருந்தால் நிமோனியா போலவோ நீர் கட்டியது போலவோ ஏமாற்றும். அப்போது ஸ்கான் செய்யுங்கள்.

பிறந்த குழந்தையின் வயிறு ஒட்டிப்போயிருந்து மூச்சுத் திணறினால், முகமூடியும் பையும் வைத்து அழுத்தவேண்டாம். இரைப்பை ஊதி நுரையீரலை மேலும் நெருக்கும். மூச்சுக்குழாய்க்குள் குழாய் இடுவதே வழி.

தீவுத் தாய்மாரிடம் நான் கேட்பது ஒன்று: 18 முதல் 22 வாரத்துக்குள் எடுக்கும் ஸ்கானைத் தவறவிடாதீர்கள். இதயத்துக்குப் பக்கத்தில் இரைப்பை தெரிந்தால், பிரசவத்தைச் சத்திரசிகிச்சை வசதியுள்ள வைத்தியசாலையில் வைத்துக்கொள்ளலாம். மூச்சுக்குத் தவிக்கும் பச்சைக் குழந்தையோடு கடல் கடக்க வேண்டியிராது.