வீட்டுக்கும் ஒரு ரிலீவர்

ஓசூர் சிப்காட்டில் வேலை பார்ப்பவர்களுக்கு ஒரு விதி தெரியும்: அடுத்த ஷிப்டுக்கு ரிலீவர் வராமல் மெஷினை விட்டு நகரக் கூடாது. அவர் வராவிட்டால் வேறு ஆளைப் பிடிப்பது சூப்பர்வைசரின் பாடு. மறதி நோய் வந்த மாமியாரையோ அப்பாவையோ வீட்டில் வைத்துப் பார்க்கும் பெண்ணுக்கு மட்டும் இந்த விதி கிடையாது. ஏ, பி, சி மூன்று ஷிப்டும் அவளுடையதே. இரவு இரண்டு மணிக்கு மாமியார் எழுந்து, “ஊருக்குப் போகணும், கதவைத் திற” என்றாலும் எழுவது அவள்தான்.

மணிக்கணக்கில் ஆள் அனுப்பும் நிறுவனங்கள் பெங்களூரில் உண்டு. லைன் வீட்டு வாடகையே பாரமாக இருக்கும் குடும்பத்துக்கு அது கட்டுப்படியாகாது. ஆனாலும் வாரத்துக்கு நான்கு மணி நேரம் மாற்று ஆள் என்பது எட்டாத விஷயமல்ல. அதை ஏற்பாடு செய்யும் வழி இதோ.

1. முதலில் நோயை உறுதி செய்யுங்கள்

மறதியெல்லாம் டிமென்ஷியா அல்ல. தைராய்டு குறைவு, வைட்டமின் பி12 குறைவு, மனச்சோர்வு ஆகியவற்றாலும் மறதி வரும்; மருந்தில் சரியாகவும் கூடும். நேற்றுவரை நன்றாக இருந்தவர் ஓரிரு நாளில் தலைகீழாகக் குழம்பினால் சிறுநீர்த் தொற்று போன்ற காரணம் இருக்கலாம். அது அவசரம், அன்றைக்கே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

ஓசூர் அரசு மருத்துவமனையில் தொடங்கலாம். அடுத்து கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. பெங்களூரின் நிம்ஹான்ஸ் மனநல, நரம்பியல் மருத்துவமனை ஓசூர் ரோட்டிலேயே இருக்கிறது. கணவருக்கு இ.எஸ்.ஐ. பிடித்தம் இருந்தால், அவரைச் சார்ந்திருக்கும் அப்பா அம்மாவையும் அதில் சேர்க்க முடியுமா என்று கம்பெனி அலுவலகத்தில் கேளுங்கள். நோயின் பெயரும் மருந்துப் பட்டியலும் உள்ள சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். மாற்று ஆளுக்கும் அது வேண்டும்.

2. ஒரு வாரம் எழுதிப் பாருங்கள்

பிள்ளைகளின் பழைய நோட்டு ஒன்றை எடுத்து, எந்த மணிக்கு எந்த வேலை உங்களை முறிக்கிறது என்று ஏழு நாள் எழுதுங்கள். பல வீடுகளில் குளிக்கவைக்கும் நேரமும், பொழுது சாயும்போது தொடங்கும் படபடப்பும்தான் கடினமாக இருக்கும். மாற்று ஆளை அந்த நேரத்தில் விடாதீர்கள். முதியவர் அமைதியாக இருக்கும் நேரத்தை, பெரும்பாலும் காலைச் சாப்பாட்டுக்குப் பிந்தைய இரண்டு மணி நேரத்தை, மாற்று ஆளுக்குக் கொடுங்கள். கடினமான நேரத்தை நீங்களே பாருங்கள், ஆனால் ஓய்வெடுத்த உடம்போடு.

3. ஆளைத் தேடுங்கள், மொழியைப் பார்த்து

நர்ஸ்தான் வர வேண்டும் என்றில்லை. பொறுமையும் நேரம் தவறாமையும் உள்ள ஆள் போதும். சுய உதவிக் குழுவில் இருக்கும் அக்கா, ஓய்வு பெற்ற அங்கன்வாடி ஆயா, பக்கத்து லைனில் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு இருக்கும் பெண் என்று விசாரியுங்கள். கோவாவில் பயிற்சி பெற்ற சாதாரண உள்ளூர் ஆட்கள் வீடு தேடிப் போய், பராமரிப்பவர்களுக்கு வழி சொல்லித் துணை நின்றார்கள். 81 குடும்பங்களிடையே நடந்த அந்த ஆய்வு 2008-இல் வெளியானது. ஆறு மாதத்தில் பராமரிப்பவர்களின் மனநலம் தேறியதை அது காட்டியது.

நம் பகுதியில் இன்னொன்றும் பார்க்க வேண்டும். ஓசூர், தளி, பாகலூர் பக்கம் பல வீடுகளில் தாய்மொழி தெலுங்கு அல்லது கன்னடம். நோய் முற்றும்போது பின்னால் கற்ற மொழி முதலில் நழுவக்கூடும். நாற்பது வருடம் தமிழில் கடைத்தெரு போய்வந்த பாட்டி தெலுங்கில் மட்டும் பேசத் தொடங்கலாம். தமிழ் மட்டும் தெரிந்த ஆள் வந்தால் அவளுக்கு அந்நியர் வந்த கதைதான். அந்த மொழி தெரிந்த ஆள் கிடைக்காவிட்டால் பத்துச் சொற்களையாவது எழுதிக் கொடுங்கள். வலிக்குத் தெலுங்கில் நொப்பி, கன்னடத்தில் நோவு. சாப்பாட்டுக்கு அன்னம், ஊட்டா. தண்ணீருக்கு நீள்ளு, நீரு.

4. கூலியை வெளிப்படையாகப் பேசுங்கள்

“சும்மா உட்கார்ந்திருக்கிறதுதானே” என்று இலவசமாகக் கேட்டால் இரண்டாவது வாரம் ஆள் வரமாட்டார். மணிக்கு இவ்வளவு என்று பேசி, அன்றன்றைக்கே கொடுங்கள். பணத்துக்குக் குடும்பத்தைக் கூட்டுங்கள். பெங்களூரில் இருக்கும் மகன் நேரில் வந்து பார்க்க முடியாவிட்டால் வாரக் கூலி அவர் பங்கு. மாதம் 1,200 ரூபாய் முதியோர் உதவித்தொகை வந்தால் அதில் ஒரு பகுதி இதற்குப் போகலாம். அது முதியவருக்காகவே செலவாகும் பணம். ஆனால் ஏ.டி.எம். கார்டையும் பாஸ்புக்கையும் மாற்று ஆளிடம் தராதீர்கள்.

5. அரசு தருவதைத் தெரிந்துகொள்ளுங்கள்

‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கியது நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். பிரஷர், சுகர் மாத்திரை வீட்டுக்கே வரும். படுக்கையில் இருப்பவர்களுக்கு வலிநிவாரணப் பராமரிப்பும் இயன்முறை மருத்துவமும் உண்டு. துணைக்கு உட்கார ஆள் இதில் வராது. ஆனால் மாத்திரைக்காக நீங்கள் வரிசையில் நிற்கும் அரை நாள் மிச்சமாகும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதியுங்கள். முதியோர் உதவி எண் 14567. உங்கள் மனம் கனத்தால் 14416-இல் டெலி மானஸ் ஆலோசகரிடம் தமிழிலேயே பேசலாம்.

6. ஒரு பக்கக் குறிப்பு எழுதுங்கள்

ஷிப்ட் மாறும்போது லாக் புக்கில் எழுதுவது போல, ஒரே பக்கத்தில் இவை இருக்கட்டும்:

- முதியவரை எப்படிக் கூப்பிட வேண்டும்: அவ்வாவா, அஜ்ஜியா, அம்மாவா.
- கழிப்பறை போக வேண்டும் என்பதை எப்படிக் காட்டுவார்.
- எதைக் கண்டால் பயம், எதைச் சொன்னால் அமைதி. இறந்துபோன கணவரைக் கேட்டால் “செத்துப்போயிட்டாரே” என்று திருத்த வேண்டாம். “அவரைப் பற்றிச் சொல்லுங்க” என்றால் போதும்.
- சாப்பாடு. இங்கே களியை மெல்லாமல் விழுங்குவதுதான் பழக்கம். விழுங்கும் திறன் குறைந்தவருக்கு அந்த உருண்டை தொண்டையில் அடைக்கும். ராகிக் கூழாகக் கொடுக்கலாமா என்று மருத்துவரிடம் கேட்டு எழுதுங்கள். எதுவானாலும் நிமிர்ந்து உட்காரவைத்து, சிறிது சிறிதாக.
- உங்கள் எண், இன்னொரு உறவினர் எண், ஆம்புலன்சுக்கு 108.

மருந்தை நீங்களே எடுத்துவையுங்கள், அட்டையோடு ஒப்படைக்காதீர்கள்.

7. வெளியே போய்விடாமல் பாருங்கள்

கேஸ் ரெகுலேட்டரை மூடிவிட்டுக் கிளம்புங்கள். தண்ணீர்த் தொட்டிக்கு மூடி போடுங்கள். கதவுக்குக் கண்ணில் படாத உயரத்தில் ஒரு தாழ்ப்பாள் வையுங்கள். ஆனால் முதியவரைத் தனியாக உள்ளே வைத்துப் பூட்டாதீர்கள். போன் நம்பர் எழுதிய துணியைச் சட்டையின் உட்புறம் தைத்துவிடுங்கள். அத்திப்பள்ளி பஸ்ஸில் ஏறிவிட்டால் சிறிது நேரத்தில் கர்நாடகம். ஆள் காணாமல் போனால் காத்திராமல் 112-ஐ அழைத்து, எல்லையின் இரு பக்கக் காவல் நிலையத்திலும் சமீபத்திய புகைப்படத்தோடு சொல்லுங்கள்.

8. ஒத்திகை பாருங்கள்

முதல் முறை மாற்று ஆள் வரும்போது நீங்களும் கூடவே இருங்கள். மூவரும் சேர்ந்து அவரைக்காய் உரிக்கலாம். இரண்டாம் முறை தெருமுனைக் கடை வரை போய்வாருங்கள். மூன்றாம் முறை ஒரு மணி நேரம். பிறகுதான் இரண்டு மணி நேரம், வாரத்துக்கு இரண்டு நாள்.

திரும்பி வந்ததும் நோட்டைப் பாருங்கள்: சாப்பிட்டாரா, சிறுநீர் போனாரா, எதற்காவது அழுதாரா. உடம்பில் புதுக் காயம் இருந்தாலோ, அந்த ஆளைக் கண்டதும் முதியவர் ஒடுங்கினாலோ, அன்றோடு நிறுத்திவிடுங்கள்.

9. அந்த நேரத்தைத் துணி துவைத்துக் கழிக்காதீர்கள்

பலர் தவறுவது இங்கேதான். ஆள் வந்ததும் தேங்கிய வீட்டு வேலையை எடுத்துக்கொள்வார்கள். அது ஓய்வில் சேராது. தூங்குங்கள். தள்ளிப்போட்ட உங்கள் இடுப்பு வலிக்கு டாக்டரைப் பாருங்கள். சந்திரசூடேஸ்வரர் மலைக்குப் போய்க் காற்று வாங்குங்கள். “மாமியாரை விட்டுட்டு எங்கே கிளம்பிட்டா?” என்று யாராவது கேட்டால், வீட்டுக்காரரையே பதில் சொல்லச் சொல்லுங்கள்: “ரிலீவர் வந்தாச்சு, அவளுக்கு ஷிப்ட் முடிஞ்சது.” ஷிப்டுக்குப் போய்வருபவர் அவர், அந்த நியாயம் அவருக்குத் தெரியாததல்ல.